சுவரின் உயரம்

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் மண்டபம் கேட்டோம்.
"ஆணி அடிப்பீங்களா?" என்றார் மேலாளர்.
முகூர்த்தமே இல்லாத ஆடியிலும்
நாளைக்கு முப்பதாயிரம். ஆணிக்குத் தனி.

அதனால் மடிக்கணினியில் கட்ட உட்கார்ந்தேன்.
உரக்கடை மாடி. கீழே
யூரியா மூட்டை விழும் ஒவ்வொரு முறையும்
மேசை ஒரு அங்குலம் குதிக்கும்.
மென்பொருள் கேட்டது: சுவரின் உயரம்?
வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவளிடம்
யாரும் கேட்டிராத கேள்வி.
பன்னிரண்டு அடி என்று போட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து, இருபது.

தரைக்குச் சலவைக்கல், மரம், சிமெண்ட்
மூன்றுதான் வைத்திருந்தார்கள்.
தண்ணீர் திறக்குமுன் அரசலாற்றில் இறங்கி
வெடித்த வண்டலைப் படமெடுத்து வந்து
மூலைக்கு மூலை விரித்தேன்.

நிழல் வேண்டுமா என்றது.
நிழல் இருந்தால் வேதாரண்யத்தில் திறக்காது.
அணைத்துவிட்டேன்.

தையல்நாயகியின் கித்தான் ஆறடி:
அறுவடை இயந்திரத்தின் திறந்த வயிறு.
கைபேசியில் அது சுண்டுவிரல் நகம்.
"இதுக்கா ஒரு வருஷம் ஏணியில நின்னேன்?"
அளவு தெரிய ஓர் ஆள் வேண்டும் என்று
ரியாசுதீனை நிற்கவைத்துப் படம் பிடித்து
அதன் பக்கத்தில் வெட்டி ஒட்டினோம்.
சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்க மறந்துவிட்டான்.
பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது
அந்தப் பைக்காரனை வரைந்தது யார் என்றுதான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் திறப்பு.
ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கக் காற்று கிளம்பி
மின்சாரம் போனது.
முப்பத்தொரு பேர் உள்ளே.
கட்டினவள் வெளியே, இருட்டில்,
ஒன்பது சதவீதக் கைபேசியோடு.
பேருந்து நிலையத்து ஜூஸ் கடையில்
சார்ஜ் போட இடம் கேட்டு நின்றேன்.
இரண்டு சாத்துக்குடி குடிக்கவேண்டியிருந்தது.

பத்து மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள்,
ஒரு பச்சைப் புள்ளியைத் தவிர.
'மடை எண் பதினேழு' முன்னால்
ஏழு இருபதிலிருந்து நிற்கிறது.
பெயர் போடவில்லை.
"நெட் மாட்டிக்கிச்சு" என்றான் ரியாசுதீன்.
"தூங்கியிருப்பாங்க."
தையல்நாயகி பேசவில்லை. அது அவள் படமும் இல்லை,
என் படம்;
மதகுப் பலகையில் படிந்த நீர்க்கோடுகள்,
வேறொன்றும் கிடையாது அதில்.

பூட்டும் பொத்தான் கையில் இருந்தது.
மண்டபமாக இருந்தால்
மேலாளர் விளக்கை இருமுறை அணைத்து ஏற்றியிருப்பார்.
நான் திறந்தபடியே போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால்
புள்ளி அங்கேயேதான்.
ஆனால் இரண்டடி வலப்புறம்
நகர்ந்திருந்தது.