பாலம் வரை

பரிசோதனைக்காரன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான்.
காரின் அடிவயிற்றில்
கைக்குட்டை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.
"வெல்டிங் செலவில் இன்னொன்றே வாங்கலாம்" என்றான்.
வாங்கலாம், கடனில்.
வீட்டில் ஏற்கெனவே ஒரு கடன் இருக்கிறது,
அதற்குத் துணை தேவையில்லை.

கீமின்கியிலிருந்து ஓலு மருத்துவமனைச் சலவைக்கூடம்
இருபத்திரண்டு கிலோமீட்டர்.
காலை ஷிப்ட் ஆறு மணிக்கு.
முதல் பேருந்து போய்ச் சேர்வது ஆறு நாற்பதுக்கு.
கணக்கு இவ்வளவுதான்,
வீரம் ஒன்றும் இதில் இல்லை.

கொட்டகையில் மகள் விட்டுப்போன சைக்கிள்.
மூன்று கியரில் இரண்டு பேசும்,
ஒன்று முனகும்.
ஏப்ரல். பனிக்குத் தூவிய சரளையை
இன்னும் யாரும் கூட்டியிருக்கவில்லை.
முதல் நாள் தபால்பெட்டிகள் வரை போனேன்,
எழுநூறு மீட்டர்.
திரும்பி வந்து படியில் உட்கார்ந்து
மூச்சைத் தேடிக்கொண்டிருக்கையில்
பக்கத்து வீட்டு இல்போ கேட்டான்:
"கடிதம் ஏதும் வந்ததா?"

பிறகு பாலம். மூன்று கிலோமீட்டர்.
ஆற்றில் பனிக்கட்டி உடைந்து
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.
கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன்,
யாரோ அங்கே வருகைப்பதிவு வைத்திருப்பதுபோல.
உட்காரும் இடத்தைப் பற்றிக்
கவிதையில் எழுதக் கூடாது என்பார்கள்.
வலித்தது.
எதிர்காற்றுக்கு என்மேல்
தனிப்பட்ட பகை ஏதுமில்லை என்று நம்பவே
பத்து நாள் பிடித்தது.
திரும்பும்போதும் அது எதிரேயே வந்ததில்
மறுபடி சந்தேகம்.

காலை ஷிப்டுக்கு ரௌஹாவின் வேனில் ஓர் ஓரம்.
மதிய ஷிப்ட் வாரங்களில் ஒரு தந்திரம்:
சைக்கிளைப் பேருந்தின் வயிற்றில் ஏற்றி
பாதி வழியில் இறங்கி
மீதியை மிதிப்பது. இரவில் அதேபோல் திரும்புவது.
மே மாதம் ஆறு கிலோமீட்டர் மிதித்தேன்.
ஜூனில் பதினொன்று.
ஆகஸ்டில் முழுதும் என்று
நாட்காட்டியில் பென்சிலால் எழுதிவைத்தேன்,
அழிக்க வசதியாக.

ஜூலையில் ஓர் இரவு, பத்தரை மணி.
வேறு டிரைவர்.
பேருந்தின் வயிறு நிறைய யாரோ வீடு மாற்றும் பெட்டிகள்.
"இடமில்லை" என்றான்,
உண்மையாகவே இல்லை.
கதவு மூடிக்கொண்டது.

வெளிச்சம் மட்டும் போகவில்லை.
வடக்கின் கோடையில் அதற்குப் போக மனமும் வராது.
பையில் அரைத் துண்டு ரை ரொட்டி,
பாட்டிலில் சலவைக்கூடத்துத் தண்ணீர்.
கொசுக்கள் என் வேகத்தைச் சரியாக அளந்து
கூடவே வந்தன.
ஒன்பதாவது கிலோமீட்டரில்
நடுச்சாலையில் ஒரு துருவமான்
மணி அடித்தும் நகரவில்லை.
நானும் காலூன்றி நின்றேன்.
இரண்டு பேருக்கும் அவசரமில்லை.
அது எதையோ மென்று முடித்தது,
நான் ரொட்டியை முடித்தேன்.

பதினைந்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஒரு வளைவு திரும்பினால் பாலம்,
நான் ஒருபோதும் வராத பக்கத்திலிருந்து.
கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை.
மிதித்துக்கொண்டே கடந்தேன்.
தபால்பெட்டிகள்
விளக்கில்லாமலே தெரிந்தன.

மறுநாள் படிகளில் பின்பக்கமாக இறங்கினேன்.
பென்சில் எழுத்தை மட்டும் அழிக்கவில்லை.

இது அக்டோபர்.
ஆணி பதித்த டயர்கள் மாட்டியாயிற்று.
நாலு இருபதுக்குக் கிளம்பினால்
சாலை எனக்கும் பேக்கரி லாரிக்கும் மட்டும்.
முதலில் தொண்ணூற்றாறு நிமிடம்,
இப்போது எண்பத்தேழு.
எதிர்காற்று நாளில் நூற்றைந்து.
அன்று மட்டும் மேலாளர் என்னைப் பார்ப்பதில்லை,
கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வேர்த்த பனியனைக் கழற்றி
அறுவைச் சிகிச்சைப் பச்சை அங்கிகளோடு
எந்திரத்தில் போடுகிறேன்.
விதிப்படி கூடாது.
ரௌஹா பார்த்தும் பார்க்காததுபோல்
மூடியைச் சாத்துகிறாள்.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
பத்துப் பதினைந்து மருத்துவர்களின் கைகளுக்கு நடுவே
என் பனியன்
தலைகீழாகச் சுற்றுகிறது.
ஷிப்ட் முடிவதற்குள் காய்ந்துவிடும்.
திரும்பிப் போக வேண்டுமே.