கடைசி பாட்டில்

எர்ணாவூர் மெடிக்கலில்
மாலைக்குள் அயோடின் டிஞ்சர் தீர்ந்துவிட்டது.
கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ அணு உலை வெடித்ததாம்.
முதல் மழையில் நனைந்தால் தோல் உரியுமாம்,
கழுத்தில் தடவ வேண்டுமாம்.
எல்லார் போனிலும் அதே எஸ்.எம்.எஸ்.

"அந்தக் காத்து இங்க வர எத்தினி நாளாவும்ணா?"
கேட்டாள் பியூலா,
காட்டுக்குப்பத்திலிருந்து இறால் கொண்டுவருபவள்.
கேட்டபடியே தோளில் கிடந்த சாம்பலைத்
தட்டிவிட்டாள்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
அதற்கு இருமல் சிரப் இருக்கிறது,
மூன்றாவது தட்டில்.
கடனுக்கும் தருவோம்.

டிஞ்சர் இல்லை என்றேன்.
ஒரு பாட்டில் இருந்தது,
கல்லாவுக்குக் கீழே,
என் மகளுக்கு.

எட்டரைக்குத் தூறல்.
முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கினார்.
எதிரே கண்டெய்னர் லாரி வரிசையில்
ஒரு கிளீனர் பையன்
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
மழையில் குளித்துக்கொண்டிருந்தான்,
தலைக்கு சோப்பு வேறு.
டேய் டேய் என்று கத்தினேன்.
ஹாரன் சத்தத்தில் விழவில்லை.

ஷட்டருக்கு அடியில் கை நீட்டி
நாலு சொட்டு பிடித்து
மோந்து பார்த்தேன்.

எப்போதும் போல
மணலி கம்பெனி வாசனைதான்.
அப்பாடா என்றிருந்தது.