பன்னிரண்டரை வரைக்கும்

வெள்ளிக்கிழமைக்குள் கிளேர்வுட் கொட்டகையைக் காலி செய்யவேண்டும்.
அடுத்த வாரம் இங்கே கண்டெய்னர் லாரிகள் தூங்கும்.
நோட்டில் நூற்றுப் பதினேழு உருப்படி, என் கையெழுத்து.
அவர் முதுகில் தட்டு விலகி
டர்பன் வீட்டில் மல்லாந்து கிடக்கிறார், போன் மட்டும் ஓய்வதில்லை:
"பூவந்தி, மில்லிங் மெஷினைத் தலையில் கட்டாதே, இடுப்பில் கட்டு."
ஏதோ நான்தான் தோளில் சுமப்பதுபோல.

ஒவ்வொரு ஆலை மூடும்போதும் ஒன்று வாங்கினார்.
சர்க்கரை ஆலை போனது, பட்டடைக்கல் வந்தது.
துணி ஆலை போனது, துளைபோடும் எந்திரம் மூன்று.
துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலிருந்து
இவர் மட்டும் சாமானோடு திரும்புவார்.

கடற்காற்றுக்கு இரும்பின்மேல் தனிப் பசி.
நான்கு நாளாய்ப் பூசினோம்:
மஞ்சள் கிரீஸ், அதன்மேல் மெழுகுத்தாள், அதன்மேல்
பழைய தேர்தல் சுவரொட்டி.
குப்புறப் போட்டால்
எந்தக் கட்சியும் துருவைத் தடுக்கும்.

சிறியவை இரும்புக் குழாய்களின்மேல் உருண்டு போயின.
மண்ட்லென்கோசி கடப்பாரையால் நெம்புவான்,
பின்னால் விடுபடும் குழாயை எடுத்து ஓடி
முன்னால் வைப்பவன் அவன் மைத்துனன்.
கர்ப்பிணி படியிறங்கும் வேகம்.

பத்து மணி. பெரிய லேத்தின் முறை.
நான்கு சங்கிலி. கிரேன் முனக, கொக்கி இறுக,
பத்தொன்பது வருஷம் நகராத அது
ஒரு முழம், இரண்டு முழம், இடுப்பளவு
எழுந்தபோது
கரண்ட் போனது.

மின்வெட்டு அட்டவணை ராத்திரியே மாறியதை
யாரும் பார்க்கவில்லை.
பிரேக் பிடித்துக்கொண்டது. மூன்று டன் சும்மா நின்றது.
மண்ட்லென்கோசி சுண்ணாம்புக்கட்டியால்
சுற்றிலும் ஒரு கோடு கிழித்தான்.
"இதைத் தாண்டுகிறவன் இனி என்னோடு வேலை செய்யமாட்டான்.
யாரோடும் செய்யமாட்டான்."

கூரையில் ஒரு கண்ணாடித் தகடு.
அதன் வழியே விழுந்த வெயில் மெல்ல நகர்ந்து
லேத்தின் அடிக்குப் போனது.
தரையில் ஒரு நீள்சதுரம்: எண்ணெய் குடித்த தூசி,
இரும்புச் சுருள், பல்லி முட்டை ஓடு,
நடுவில் லாடம்போல் வளைந்து
மைக்ரோமீட்டர்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தத் திங்கட்கிழமை எனக்குத் தெரியும்.
சிபூசிசோ தன் பையைக் கவிழ்த்துக் காட்டினான்:
சாப்பாட்டு டப்பா, காலுறை, மகளின் பள்ளிக்கூடச் சீட்டு.
பிறகு யாரும் கேட்காமலே
சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிட்டான்.
அவை வெள்ளை நாக்குகளாய்த் தொங்கின.
இவர் கேட் வரைக்கும் கூடவே நடந்தார்.
சம்பளத்தை எண்ணி உறையை ஒட்டியவள் நான்.
ஒரு சென்ட் பிசகவில்லை.

ஐந்தடி தூரம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம்
பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
சங்கிலி எப்போதாவது முனகியது.
பையன்கள் பாதி ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றிச் சாப்பிட்டார்கள்,
எனக்கும் நீட்டினார்கள்.
போன் அடித்தது. அடிக்கட்டும்.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. கிரேன் இருமியது.
லேத் பக்கவாட்டில் நகர்ந்து லாரியில் உட்கார்ந்த பிறகு
நான் சதுரத்துக்குள் போனேன்.
பிசுக்கு அதைக் காப்பாற்றியிருந்தது. திருகு சுற்றியது.
ஒரு தலைமயிரின் பருமனை இப்போதும் சொல்லும்.

டோங்காட் கொட்டகை முன்பு கோழிப் பண்ணை.
சொந்தக்காரர் தரையைக் காலால் உதைத்துப் பார்த்து,
கனமானதெல்லாம் சுவரோரம், நடுவில் எதுவும் வேண்டாம் என்றார்.
இரவு எட்டுக்குப் போனை எடுத்தேன்.
"எண்ணினாயா?"
எண்ணினேன்.
"நூற்றுப் பதினேழு?"
நூற்றுப் பதினெட்டு என்றேன்,
கடைசி எது என்றும் சொன்னேன்.
மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது,
எழக்கூடாதவர் எழுகிற சத்தம்.

நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே
'வைத்த இடம்' இன்னும் காலி.
சிபூசிசோவின் முகவரி பழைய சம்பளப் பதிவேட்டில் இருக்கும்.
பதிவேடு ஏதோ ஒரு பெட்டியில்,
அநேகமாய் லேத்துக்குப் பின்னால்.