குறிப்பில் சேராதது

மேற்கு வர்ஜீனியா, சார்ல்ஸ்டன்.
குழு அறை நான்கில் ஹீட்டர் உறுமுகிறது.
பேசுவதைத் தட்டச்சு செய்வது என் வேலை;
இருமலையும் பெருமூச்சையும் விட்டுவிடலாம் என்பது விதி.

செனட்டர் ஸ்டாலர்ட் கேட்கிறார்:
"ஸ்லேட்டன் ஓடை ஆரஞ்சு நிறமாகி எத்தனை நாள்?"
சுற்றுச்சூழல் துறை இயக்குநர் காட்ரில்
கோப்பைப் புரட்டுகிறார், ஓடை அதற்குள் ஓடுவது போல.
"நானூற்றுப் பதினொன்று."
"ஆய்வாளர் எத்தனை முறை போனார்?"
"ஒருமுறை. பனி. பாலத்தோடு திரும்பிவிட்டார்."

பின்வரிசையில் ஓலீட்டா வார்னி,
ஓடைக்கரையில் கோழி வளர்ப்பவள்,
கையுறையை மடியில் வைத்து மடிக்கிறாள், பிரிக்கிறாள்.
அவளுக்கு இரண்டு நிமிடம், மதிய உணவுக்குப் பிறகு.

"அந்த மாவட்டத்துக்கு மொத்தம் எத்தனை ஆய்வாளர்கள்?"
செனட்டரின் குரல் ஏறுகிறது. கேமரா திரும்புகிறது.
"மூவர் இருந்தார்கள், மேடம்.
இரண்டு பணியிடங்களை ரத்து செய்தது
போன மார்ச்சில்
இதே குழு.
இதே மேசை."

முன்மொழிந்தவர் யாரென்று
அவர் சொல்லவில்லை.
அன்றும் நான்தான் தட்டச்சு செய்தேன். எனக்குத் தெரியும்.

ஹீட்டர் நிற்கிறது.
பதினேழு விநாடி யாரும் பேசவில்லை.
மௌனத்துக்கு என் விசைப்பலகையில் எழுத்து இல்லை.

"அடுத்த கேள்விக்குப் போகலாம்," என்கிறார் செனட்டர்,
தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியபடி.
பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிடுகிறது.
ஓலீட்டா எழுந்து நிற்கிறாள். மணி பதினொன்றேகால்தான்.

விதி எனக்கு மனப்பாடம்.
அவள் பெயரைத் தட்டுகிறேன்,
பக்கத்தில் முக்காற்புள்ளி வைக்கிறேன்,
விரல்களை எடுக்காமல் காத்திருக்கிறேன்.