ஏழாவது வெட்டுமுகம்

பகலில் பல் செய்கிறேன்.
முன்பின் தெரியாதவர்கள் கடித்துத் தந்த அச்சைத்
திரையில் சுழற்றி
மேட்டுக்குப் பள்ளம் பொருத்துகிறேன்.
அடுத்த வாரம் அது யார் வாயிலோ
ஆப்பிள் கடிக்கும்.

இரவில் அதே திரையில், அதே சுட்டெலியில், கப்பல்.
எழுபத்தாறு சென்டிமீட்டர் நீளம். அகலம்
என் உள்ளங்கைக்குள் அடங்கும்.
நிஜக் கப்பல் இதைப்போல்
நூற்று நாற்பத்து நான்கு மடங்கு.

டுலூத்தில் ஜனவரி.
சுப்பீரியர் ஏரி கண்ணுக்கெட்டியவரை வெள்ளைப் பலகை.
இரும்புத்தாது ஏற்றும் கலங்கள் துறையோடு உறைந்து கிடக்க,
ஊரில் ஓடிக்கொண்டிருப்பது
என்னுடையது ஒன்றுதான்,
தண்ணீரே இல்லாமல்.

வரைபடம் தந்தவன் ஹால்வர். ரயில் பிரேக் பழுதுபார்ப்பவன்.
"நான் மூழ்கடிக்க ஏதாவது கட்டு, ஐலா" என்றான்.
மே மாதம், பழைய கல்குவாரிக் குளத்தில்
எங்களுக்குள் போர்.
விதி ஒன்றுதான் முக்கியம்:
உடம்பு துளைபடக்கூடியதாக இருக்க வேண்டும்.
விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே ஓர் அங்குலம்
வெறும் பால்சா மரத்தோல்.
எதிரியின் குண்டுக்கு நானே அளந்து வைக்கும் ஜன்னல்.

ஏராவை இழுத்தேன். விலாக்களை நட்டேன்.
அணியத்தைக் கூராக்கினேன்.
இடப்பக்கம் மட்டும் வரைந்தால் போதும்,
வலப்பக்கத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்கிறது.
நானூற்று எழுபது கிராம் தாங்கும் என்றது கணினி.
மின்கலம், மோட்டார், பீரங்கி, வாயுக்குப்பி,
உள்ளே வரும் நீரை வெளியே துப்பும் பம்பு,
எல்லாம் அதற்குள்.

ஏழாவது வெட்டுமுகத்தில் ஒரு புடைப்பு.

இங்கே அமுக்கினால் அங்கே பிதுங்கியது.
புள்ளிகளை ஒவ்வொன்றாய் நகர்த்தி
இரண்டு இரவுகள் போயின.
கண் விட்டுவிடும், நாக்கு விடாது
என்பது என் தொழிலில் பாலபாடம்.
தண்ணீரும் ஒரு நாக்குதான்.

மூன்றாம் இரவு வரைபடத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன்.
மடிப்பு.
எவனோ நாலாய் மடித்துச் சட்டைப்பையில் திணித்த காகிதம்.
அதன் நிழலைக் கோடென்று நம்பி
கப்பலுக்கு ஒரு தொந்தி வைத்திருக்கிறேன்.

தொந்தியைக் கரைத்தேன்.
வளைவு மூச்சுவிட்டதுபோல் நீண்டது.
உடனே கணினி: நானூற்று அறுபத்தொன்று.

ஒன்பது கிராம்!
பொய்தான், ஆனாலும்
சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?
ஹால்வரின் கட்டைவிரலுக்குத் தெரியும்.
அவன் எதையும் தடவித்தான் பார்ப்பான்.
அவனை விடுங்கள், எனக்குத் தெரியும்.

ஒயரைக் குட்டையாக்கினேன், மூன்று கிராம்.
இரண்டாம் பூச்சு வர்ணம் வேண்டாம், மூன்று.
நங்கூரங்கள் ஒன்று.
மீதி இரண்டுக்கு
மேல்தளத்தில் நிறுத்த அச்சிட்டு வைத்திருந்த மாலுமிகளைத்
தராசில் அள்ளிக் கொட்டினேன்.
இருபத்திரண்டு பேர். சரியாக இரண்டு கிராம்.

மே பதினேழு. குளத்தில் பாசியும் வெயிலும்.
ஹால்வரின் கப்பல் என்னுடையதைவிடத் தடித்தது, மெதுவானது.
இரண்டு சுற்று அவனைச் சுற்றி வந்தேன்.
மூன்றாவதில் திரும்பும்போது
டக், டக், டக்.
மூன்றும் என் ஜன்னல்களில்.

திரையில் தண்ணீர் எப்போதும் கப்பலுக்கு வெளியே இருந்தது.
உள்ளே வந்தால் என்னவென்று
நான் கேட்கவே இல்லை.
பம்பு துப்பியது, துப்பியது,
பிறகு விக்கியது.

சாயவில்லை. புரளவில்லை.
மின்தூக்கியில் இறங்குபவளைப்போல் நேராக
இறங்கியது என் கப்பல்.
கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை.

ஹால்வர் தொடைவரை பூட்ஸோடு இறங்கி
எடுத்துவந்து கவிழ்த்தான்.
தண்ணீரோடு ஒரு தலைப்பிரட்டை விழுந்து துள்ளியது.
கட்டைவிரலால் இடப்பக்கம் முழுக்க மெல்லத் தடவினான்.
ஏழாவதில் நிற்கவில்லை.
"ம்" என்றான்.

வீட்டில், ஜன்னல் விளிம்பில்,
நனையாமல் இருபத்திரண்டு பேர்
ஏரியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.