தொண்ணூறு மீட்டர்

வெல்லம்பிட்டிச் சந்தியில் என் பைக் நின்றது
இரவு ஒன்பது பத்துக்கு.
ஒருமுறை இருமியது, இன்னொருமுறை இருமியது,
பிறகு புகைக்குழாய்க்குள் களனி ஆறு.

போனில் வரைபடம் சொன்னது:
வாடிக்கையாளர் தொண்ணூறு மீட்டரில்.
பெயர் ரிஃப்கா. இரண்டு கோழிக் கொத்து, ஒரு சூப்.
மேல் மாடி. மணி அடிக்க வேண்டாம், பிள்ளை தூங்குது.

தண்ணீர் முழங்காலில் இருந்தபோது
தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.
தொடைக்கு வந்தபோது
பஸ் தரிப்பிடத் தூணோடு பைக்கைச் சங்கிலியால் கட்டினேன்.
இடுப்புக்கு வந்தபோது
பணம் எடுக்கும் கூண்டிலிருந்து காவல்காரர் கத்தினார்:
மல்லி, எனக்கு நீந்த வராது.

பைக் இருக்கையில் ஏறி, தூணைக் கட்டிப் பிடித்து,
அவர் பெல்ட்டில் கை போட்டு இழுத்து
எப்படியோ
தரிப்பிடத்தின் கொங்கிறீட் கூரைமேல் இருவர்.
இரண்டு பாய் அகலம். சாய்வு, வாய்க்கால் பக்கம்.

கொழும்பில் குளிர் என்று எவனாவது சொல்லியிருந்தால்
சிரித்திருப்பேன்.
மார்கழியிலும் முதுகில் உப்புப் பூக்கும் ஊர்.
ஆனால் நனைந்த சட்டைக்குள் காற்று நுழைந்து
விலா எலும்புகளை எண்ணத் தொடங்கியபோது
எனக்குச் சிங்களம் மறந்தது, அவருக்கும்தான்.
பல்லோடு பல் மோதும் பேச்சு மட்டும் மிச்சம்.

சட்டையைக் கழற்றிப் பிழியுங்கள் என்றேன்.
வெட்கப்பட்டார். சீருடை என்றார்.
குலதுங்க, இந்த நேரத்தில் வங்கி பார்க்காது என்றேன்.
என் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன்,
உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய சிவப்புச் சதுரம்.
கொத்துப் பெட்டிகளுக்கு நடுவே
நான்கு பாதங்களையும் நுழைத்தோம்.
வெங்காய மணத்தோடு
கால்விரல்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.

பற்றரி நான்கு வீதம்.
எங்க நிக்கிறீங்க?
பஸ் தரிப்பிடக் கூரையில்.
வராதீங்க. இங்க ஆறாவது படி வரைக்கும் தண்ணி.
கொஞ்சம் கழித்து:
சாப்பிடுங்க. ஆறிடும்.
அத்தோடு போன் செத்தது.

இன்னொருவர் பசியைப் பிரிப்பது லேசில்லை.
ஒட்டுநாடாவில் என் நகம் தயங்கியது.
குலதுங்க கிழித்தார்.
சூப்பை மூடியில் ஊற்றி முறைவைத்துக் குடித்தோம்.
ஒரு பெட்டியை மட்டும் தொடவில்லை;
விடியலாம், வடியலாம், அவளுக்குப் பசிக்கலாம்.

அப்போது அங்கே, இருட்டில், ஒரு டோர்ச்.
மூன்று முறை மின்னி அணைந்தது.
குலதுங்க இடுப்பில் தடவித் தன் காவல் டோர்ச்சை எடுத்து
மூன்று முறை அடித்தார்.
அதன்பிறகு மணிக்கொரு தரம்,
மணி ஆகியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியபோதெல்லாம்,
மூன்றுக்கு மூன்று.
நான் கண்ணயர்ந்து சரிய
முழங்கையால் இடித்தார்:
தூங்காதே, அவள் கூப்பிடும் நேரம்.

ஒரு குளிர்சாதனப் பெட்டி மல்லாக்க மிதந்து போனது,
கதவு திறந்தபடி, உள்ளே ஒரு பூனை.
அன்றிரவு சிரித்தது அந்த ஒருமுறைதான்.
பிறகு வெகுநேரம்
இருவரும் பூனையைப் பற்றிப் பேசவில்லை.

நாலரை இருக்கும். வெளிச்சம் வரவில்லை.
இவர் அடித்தார். இல்லை.
மறுபடி. இல்லை.
பத்துச் செக்கனில் நான் தினம் கடக்கும் தூரம்.
பிள்ளை தூங்குது என்று எழுதியிருந்தாள்.
ஆறாவது படிக்கு மேல் எத்தனை படி
என்று நான் கேட்கவே இல்லை.

வெளுத்தபோது கடற்படைப் படகு.
ஜன்னலில் அவள், இடுப்பில் பிள்ளை,
கையில் பற்றரி தீர்ந்த டோர்ச்.
எங்களைப் பார்த்து, அந்தப் பகலில்,
அதை அமத்திக்கொண்டே இருந்தாள்.

மூடியில் படிந்த எங்கள் கால் சேற்றைத் துடைத்து
மீதிப் பெட்டியை நீட்டினேன்.
வாங்கி, அடியில் உள்ளங்கை வைத்துப் பார்த்து,
இன்னும் சூடாத்தான் இருக்கு என்றாள்.

பொய்.