பிரிவு ஏழு

ஜூன் முப்பதுக்குள் செலவழிக்காத மானியம்
அரசுக்குத் திரும்ப வேண்டும்.
அந்த வரியை எழுதியது நான்தான்,
மெல்பர்னில், பதினோராம் மாடியில்.
காற்புள்ளியா அரைப்புள்ளியா என்று
இருபது நிமிடம் பேசினோம்.
மழை பெய்யுமா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த நாட்டில் ஜூன் குளிர்காலம்.
பெல்காரா ஷயரில் இருபத்தாறாம் தேதி
தூறலிலேயே தார் ஊற்றினார்கள்.
ஆவி பறக்கும் படம் வந்தது,
ரசீது வந்தது, கையொப்பம் வந்தது,
ஒரு காசு மிச்சமில்லை என்ற சான்றிதழும்.
பச்சை டிக் போட்டேன்.

செப்டம்பரில் சாலை
நமுத்த அப்பளமாய் மடங்கிக் கிடந்தது.

ஹாலில் கூட்டம். ஆறு பேர், ஒரு நாய்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மர்லீன் ஹொகார்த்
உடைந்த ஸ்பிரிங்கை மேஜைமேல் வைத்தாள்,
கேக் தட்டுக்குப் பக்கத்தில்.
யாரைக் கேட்பது?
மேயர் என்னைக் காட்டினார்.
நான் கோப்பைப் புரட்டி மேயரைக் காட்டினேன்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே:
அதை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன்.
நெய்யைத் தாண்டிவிட்டேன்,
பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"நீச்சல் குளத்துக்காக வரியில்
பதினோரு டாலர் ஏற்றினார்கள்.
நூற்று நாற்பது பேர் வந்து
ராத்திரி பத்து வரை கத்தினோம்.
உங்கள் ஒன்பது லட்சத்துக்கு
இதோ, நாய் வந்திருக்கிறது."

அன்றிரவு மோட்டலில்
பிரிவு ஏழை அடித்தேன்.
ஐந்தில் ஒரு பங்கை ஊர் போடட்டும்,
வலிக்கிற அளவுக்கு.
மிச்சம் பிடித்தால் ஊருக்கே.
கடைசித் தவணை, ஒரு மழைக்காலத்தைச் சாலை தாண்டிய பின்.
சாலையோரம் பலகை: எவ்வளவு, யார், எந்த எண்.

அடுத்த ஷயரின் குமாஸ்தா டெஸ்மண்ட்
வாசித்துவிட்டுக் கேட்டார்:
"எங்களிடம் நானூறு வீடு, பாதி பூட்டியவை.
ஐந்தில் ஒன்றுக்கு எங்கே போவேன்?"
பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டேன்.
அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

பலகை வந்தது. வந்த வாரமே
யாரோ அதில் துப்பாக்கி பழகியிருக்கிறார்கள்.
மேயரின் எண்ணில் ஓர் ஏழு போய்விட்டது.
அதன் கீழே, நான் சொல்லி எழுதிய என் எண்
முழுதாக இருக்கிறது.

காலை ஆறே முக்கால். டிராமில் நிற்கிறேன்.
"மூன்றாவது கிலோமீட்டர்," என்கிறாள் மர்லீன், வணக்கம்கூட இல்லாமல்.
யார் பொறுப்பு என்ற பக்கம்
எனக்கு மனப்பாடம்.
எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.